யானை வெடி உடைந்து மருந்து கொட்டினால்: வன்னிக் கமக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலபோக நெல்லில் கதிர் வரத் தொடங்கியதும் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், மடு என்று வன்னியின் காட்டோரக் கிராமங்களில் பல வீடுகளுக்கு யானை வெடி வந்து சேரும். வனசீவராசிகள் திணைக்களம் பயிர்க் காவலுக்குக் கொடுக்கிற வெடி அது. அதைக் கொளுத்தி எறியும் விதத்தை இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிவிடுகிறார்கள். கொளுத்தாமலே வெடி பிளந்து, உள்ளே இருக்கிற மருந்து வீட்டுத் தரையில் கொட்டினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கொட்டுவது அபூர்வமான காரியமும் அல்ல. எலி கடதாசிக் குழாயை அரித்துவிடும். மாரி ஈரத்தில் மட்டை ஊறி, முனையில் இருக்கிற அடைப்புக் கழன்றுவிடும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிரவல் வீதியில் போகும்போது குலுங்கிப் பிளந்துவிடும். உரப்பைக்குள் போட்டு மறந்த வெடியின்மேல் யாராவது நெல் மூட்டையை இறக்கிவிடுவார்கள். கடைசியில் அலுமாரிக்கு அடியிலோ விறாந்தை மூலையிலோ ஒரு பிடி தூள் கிடக்கும்.

கண்டதும் ஆட்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஈர்க்குமாற்றால் கூட்டி அள்ளுவார்கள். மருந்து வீண்போகக் கூடாதென்று பேப்பரில் மடித்து எடுத்து வைப்பார்கள். அல்லது அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் போடுவார்கள். மூன்றுமே கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியவை. செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காய்ந்த மருந்தைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். இருக்கிற இடத்திலேயே மெதுவாக நனையுங்கள். நன்றாக நனைந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கொட்டியிருப்பது எது?

வெடிமருந்து எரிவதற்குக் காற்று தேவையில்லை. எரிய வைக்கும் ஒட்சிசனைக் கொடுக்கிற உப்பும், எரிகிற பொருளும் அதற்குள்ளேயே கலந்திருக்கின்றன. அதனால்தான் மண்ணைப் போட்டு மூடினாலும் சாக்கைப் போட்டு அமுக்கினாலும் அது அணைவதில்லை. அமுக்கினால் எரிவு வேகமாகி வெடிப்பாக மாறும் ஆபத்தும் உண்டு.

தூரத்தில் நின்று நிறத்தைப் பாருங்கள். கரி போலக் கறுப்பாக, குறுணியாகவோ மாவாகவோ இருந்தால் கறுப்பு வெடிமருந்து. அது தீப்பொறிக்கும் உராய்வுக்கும் இலேசாகப் பற்றும். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், ரோச் வெளிச்சம் பட்டதும் மினுங்குகிற மெல்லிய மாவாக இருந்தால் அதில் அலுமினியத் தூள் இருக்கிறது. இது முன்னையதைவிட மோசமானது. ஒரு சிறு பொறியில் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முழுவதும் எரிந்து முடிந்துவிடும். சில கிராம் போதும், குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறவரின் முகம் வெந்துபோகும். அளவு கூடினால் குழாய்க்குள் அடைத்திருக்காவிட்டாலும் வெடிக்கும்.

பொறி என்றதும் நெருப்புக்குச்சியை மட்டும் நினைக்க வேண்டாம். இரும்பு மண்வெட்டி சீமெந்துத் தரையில் உரசுவதும் பொறிதான். சோழகம் வீசுகிற மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். இருட்டில் நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று மினுங்குமே, அந்த மின்பொறியே போதும். காய்ந்த ஈர்க்குமாற்றால் மணல் கிடக்கிற தரையைக் கூட்டும்போது மருந்து மணலோடு சேர்ந்து உராய்கிறது. கூட்டுவதற்குக் குனிந்தவரின் முகம் அதற்கு நேர் மேலே இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

வாயில் சிகரெட், பீடி, கையில் லைட்டர் இருந்தால் அப்படியே வெளியே போய்விடுங்கள். பிள்ளைகளையும் நாய், கோழியையும் வெளியே அனுப்புங்கள். குசினி அடுப்பு எரிந்தால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். சாமி விளக்கையும் மறக்க வேண்டாம்; இந்த அவசரத்தில் பலருக்கும் நினைவுக்கு வராத நெருப்பு அதுதான். நுளம்புச் சுருள் எரிகிறதா என்றும் பாருங்கள்.

அந்த அறைக்குள் இருக்கிற மின்விசிறி, லைற் ஆளிகளைத் தொடாதீர்கள். விசிறி சுழன்றுகொண்டிருந்தால் தூளைக் கிளப்பிவிடும், ஆகவே வெளியே இருக்கிற மெயின் ஆளியை இறக்கி நிறுத்துங்கள். கதவையும் ஜன்னலையும் திறக்கலாம், ஆனால் காற்று தூளின்மேல் நேராக அடிக்கிற பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது. இரவில் இது நடந்தால் அறையைப் பூட்டிவிட்டு வேறிடத்தில் படுத்து, விடிந்த பிறகு பகல் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்குங்கள். குப்பி விளக்கோடு பார்க்கப் போகவே கூடாது.

இது உங்கள் வேலையா?

கொட்டிய தூள் ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது சுமார் 5 மில்லிலீற்றருக்குள் இருந்து, அது யானை வெடியிலிருந்துதான் கொட்டியது என்று உறுதியாகத் தெரிந்து, தரையும் வெறுமையாக இருந்தால் கீழே சொல்லும் முறையில் நீங்களே துப்புரவு செய்யலாம்.

அதைவிடக் கூடுதலாக இருந்தால் தொடாதீர்கள். உரம், கந்தகத் தூள், மண்ணெண்ணெய், பெற்றோல், கிருமிநாசினி ஆகியவற்றுக்கு மேலேயோ பக்கத்திலேயோ கொட்டியிருந்தாலும் தொடாதீர்கள். சில மருந்துக் கலவைகள் கந்தகத்தோடும் அமோனிய உப்புகளோடும் சேர்ந்தால் தானாகவே சூடாகிப் பற்றக்கூடும். எதோடு எது சேர்ந்திருக்கிறதென்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. அறையை விட்டு வெளியேறி, ஆட்களைக் குறைந்தது 50 மீற்றர் தள்ளி நிறுத்திவிட்டு, பொலிசுக்கு 119 அல்லது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

வெடிமருந்து என்று சொன்னால் விசாரணை, அலைச்சல் என்று வந்துவிடுமோ என்ற பயம் இங்கே பலருக்கு உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் இது திணைக்களம் கொடுத்த வெடி. யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் கிராம சேவையாளரிடம் சொல்லி, அவர் மூலமாகவே அறிவித்தாலும் சரிதான். மறைத்து வைத்த மருந்துதான் பின்னர் பிரச்சினையாகிறது. வெடியிலிருந்து மருந்தைப் பிரித்துத் தனியாக வைத்திருப்பது வேறு கதை. 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருப்பது குற்றம். அப்படிச் சேர்க்கிற மருந்துதான் இடியன் துவக்குக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கிற பன்றிவெடிக்கும் போகிறது. பன்றிவெடியைக் கடித்து வாய் சிதறிய யானைக்குட்டி நாட்கணக்கில் தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்து சாகிறது. கொட்டிய மருந்தில் ஒரு சிட்டிகையையும் எடுத்து வைக்காதீர்கள்.

என்னென்ன வேண்டும்

எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்கள்தான். 10 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் தண்ணீரோடு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கழுவிய பூவாளி ஒன்று, இல்லாவிட்டால் மூடியில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்ட பிளாஸ்ரிக் போத்தல். பழைய பருத்திச் சாரம் அல்லது துவாய் நாலைந்து துண்டு. மெல்லிய மட்டை அல்லது பிளாஸ்ரிக் அள்ளி. வெறுமையான இன்னொரு வாளி, மூடி இல்லாமல்.

நெல்லுக்கு மருந்தடிக்கிற தெளிகருவியை எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் குழாய்க்குள் கிருமிநாசினி எச்சம் இருக்கும். பற்றரியில் ஓடுகிற தெளிகருவியென்றால் மோட்டார்ப் பொறியும் சேர்ந்துவிடும். கடைக்காரர்கள் தூசி உறிஞ்சும் இயந்திரம் பயன்படுத்தக் கூடாது. அது தூளை ஓடுகிற மோட்டாரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள், சலவைச் சோடா, கழிப்பறைத் திரவம் எதையும் தண்ணீரில் கலக்க வேண்டாம். குளோரின் தூளே எரிவைத் தூண்டுகிற பொருள். சோடாவும் காரத் திரவங்களும் அலுமினியத்தைத் தின்று வெப்பத்தையும் ஐதரசன் வாயுவையும் கிளப்பும்.

உமி, மரத்தூள், சாம்பல் போட்டு ஒற்றுவதும் வேண்டாம். எண்ணெய் கொட்டினால் உமி போடுகிற பழக்கம் இங்கே உண்டு. இங்கே உமி எரிபொருளாகிவிடும். காய்ந்த மணலைத் தூவித் தேய்ப்பது உராய்வை வலியக் கூட்டிக் கொடுப்பது.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலோன், பொலியெஸ்ரர் சட்டை, விளையாட்டு ஜேர்சி கூடாது. கண்ணாடி இருந்தால் போடுங்கள், வெயில் கண்ணாடியானாலும் பரவாயில்லை. தலைமயிரைக் கட்டிக்கொள்ளுங்கள். போன், லைட்டர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே போகுமுன் ஈரமான வெறும் மண்ணில் வெறுங்காலோடு சற்று நின்று, கையையும் மண்ணில் வைத்து எடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின் அதில் இறங்கிவிடும்.

நனைத்தல்

ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். இன்னொருவர் வாசலுக்கு வெளியே, உள்ளே இருப்பவரைப் பார்க்கக்கூடிய இடத்தில், ஒரு வாளி தண்ணீரோடு நிற்கட்டும்.

தூளை நேராக நனைக்கத் தொடங்காதீர்கள். முதலில் துணித்துண்டுகளைத் தண்ணீரில் தோய்த்து, பிழியாமல், தூளைச் சுற்றி ஒரு அடி தள்ளி வட்டமாக வரம்பு போல வையுங்கள். பிறகு அந்த வரம்புக்குள் ஓரத்தில், தூள் இல்லாத இடத்தில், பூவாளியால் தரைக்குக் கிட்டப் பிடித்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வயலுக்கு மடை திறந்துவிட்டாற்போல் தண்ணீர் தானாகப் பரவித் தூளுக்குள் ஊர வேண்டும். உயரத்திலிருந்து வாளியால் அடித்து ஊற்றினால் காய்ந்த தூள் புகையாகக் கிளம்பிச் சுவரிலும் உங்கள் உடுப்பிலும் படியும். பிறகு எங்கே போனதென்று தேட முடியாது.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மெல்லிய கரித்தூளும் கந்தகமும் அலுமினியமும் தண்ணீரை இலேசில் ஏற்றுக்கொள்வதில்லை. தண்ணீருக்கு மேலே ஏடு போல மிதக்கும். பார்வைக்கு நனைந்தது போலத் தெரிந்தாலும் மேற்பக்கம் காய்ந்தே இருக்கும். இதற்காகத்தான் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இரண்டாவது வாளி. அந்தத் தண்ணீரை மேலிருந்து சிறு தூறலாகத் தெளித்தால் ஏடு உடைந்து தூள் அமிழும். திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் மிதப்பது முழுவதும் நிற்கும் வரை தெளிக்க வேண்டும். பிறகு வெளியே வந்து 10 நிமிடம் பொறுங்கள்.

சீமெந்துத் தரையாக இருந்தால் இனி ஈரத் துணியை ஓரத்தில் வைத்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஒற்றிய துணியை வெறும் வாளிக்குள் போட்டு, அடுத்த துணியை எடுங்கள். சேறாகக் கிடப்பதை மட்டையால் அணைத்து அள்ளிக்குள் ஏற்றி அதே வாளிக்குள் விடுங்கள். வாளிக்குள் சேறு மூழ்கிக் கிடக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். தரை வெடிப்புகளுக்குள் போன மருந்தைக் கத்தியாலோ ஆணியாலோ கிண்டாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரை வெடிப்புக்குள் விட்டு, ஊறியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்து மெல்ல வருடி வெளியே கொண்டுவந்து ஒற்றிவிடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் போதும்.

சாணம் மெழுகிய மண் தரையில் மருந்தை ஒற்றி எடுக்க முடியாது. நனைத்து ஊறவிட்டு, தரை களியாகியதும் மேல் மண்ணை இரண்டு விரல் தடிப்புக்குச் சிரட்டையால் வழித்தெடுங்கள். மண்வெட்டியும் தகரமும் வேண்டாம். வழித்த மண்ணும் வாளிக்குள் தண்ணீரோடு போக வேண்டும். அடுத்த நாள் அந்த இடத்தை மறுபடி மெழுகலாம்.

பாயில் கொட்டியிருந்தால் பாயை உதறாதீர்கள், சுருட்டாதீர்கள். விரித்தபடியே நனைத்து, ஈரமாகவே இரண்டு பேர் முனையில் பிடித்து வெளியே கொண்டுபோய் ஊறவையுங்கள். அந்தப் பாய் இனிப் படுக்க உதவாது. நெல் மூட்டைமேல் கொட்டியிருந்தால் மூட்டையைப் புரட்டாமல் மேற்பகுதியை நனைத்து, அந்தப் பகுதி நெல்லையும் சாக்கையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். எடுத்த நெல்லைக் கோழிக்கும் போடக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் தரை காயட்டும். காய்ந்த தரையை ரோச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மினுக்கமோ கறுப்புப் படலமோ தெரிந்தால் முதலிலிருந்து நனைக்க வேண்டும்.

வாளியில் இருப்பதை என்ன செய்வது

வாளியை மூடாதீர்கள். அலுமினியத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் மெல்ல மெல்லச் சூடாகி வாயு விடும். மூடிய வாளியிலும் போத்தலிலும் அந்த வாயு அடைபடும். தண்ணீர் நிறைய இருந்தால் சூடு தங்காது. கொஞ்சத் தண்ணீரில் பிசைந்த களி போல விட்டு வைப்பதுதான் ஆபத்து. வீட்டுக்கு வெளியே, நிழலில், பிள்ளைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்தில் இருக்கிற உப்புச் சுவைக்கு மாடு நாக்கு நீட்டும். நைத்திரேற்று கூடுதலாகக் குடித்த மாடு மூச்சுத் திணறிச் சாகும்.

வாளியைத் திணைக்கள ஆட்களிடமோ பொலிசிடமோ ஒப்படைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது, எப்போது நனைத்தது என்று சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றிக் காய்ந்தால் திரும்பவும் மருந்துதான்.

தரை கழுவிய கலங்கல் தண்ணீரைக் கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால், தோட்டமும் வாய்க்காலும் இல்லாத வெறும் நிலத்தில் பரவலாக ஊற்றிவிடலாம். குளத்தில் ஊற்றக் கூடாது. இந்த உப்புகள் தண்ணீரில் கரைந்து நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். சில வெடிகளில் சேர்க்கிற பேர்குளோரேற்று தைரொயிட்டைப் பாதிக்கும்.

ஒற்றிய துணிகளைக் கழுவிக் கொடியில் போட்டு மறுபடி பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உப்புக் கரைந்து துணி நூலுக்குள் ஊறியிருக்கும். காய்ந்ததும் ஒரு பொறிக்கு அந்தத் துணி சீறிக்கொண்டு எரியும். துணிகளும் அதே வாளியில் ஒப்படைக்கப்படட்டும். வேலை செய்தவரின் உடுப்பைத் தனியாக, நிறையத் தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். கை கழுவாமல் வெற்றிலை போடுவதோ பீடி பற்றவைப்பதோ கூடாது. நகக்கண்ணுக்குள் கறுப்பாக ஒரு கோடு நின்றால் அது இன்னும் மருந்துதான்.

உடைந்த வெடி

தூளை எடுத்தாயிற்று, பிளந்த வெடி கிடக்கிறது. அதை ஒட்டுப்போட்டுச் சரிப்படுத்தாதீர்கள். வாய் பிளந்த வெடியில் திரிக்கும் மருந்துக்கும் இடையில் தூள் சிந்தியிருக்கும். திரி எரிந்து முடியுமுன்னே நெருப்பு உள்ளே பாய்ந்துவிடும். எறிவதற்குக் கை ஓங்கும்போதே வெடிக்கும். விரல்களை இழந்த காவல்காரர்கள் வன்னியில் பல கிராமங்களில் இருக்கிறார்கள்.

அந்த வெடியை நகர்த்தாமல் அதே இடத்தில் பூவாளியால் நனைத்து, மட்டை ஊறியபின் மெதுவாக எடுத்து, வெளியே வைத்த தண்ணீர் வாளிக்குள் முழுவதும் அமிழும்படி இறக்குங்கள். மிதந்தால் மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். குறைந்தது ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். இந்த வாளிக்கும் மூடி கிடையாது. பிறகு திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீங்களே கொண்டுபோக வேண்டாம்.

நமுத்துப்போன வெடியை வெயிலில் காயவைப்பதும், குசினி அடுப்புக்கு மேலே பறணில் வைப்பதும் நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. இதை உடனே நிறுத்த வேண்டும். நனைந்து காய்ந்த மருந்து பழைய மருந்து அல்ல. உப்பு ஒரு பக்கம் ஒதுங்கிக் கட்டியாகியிருக்கும், மட்டை நெகிழ்ந்திருக்கும், திரி எந்த வேகத்தில் எரியும் என்று சொல்ல முடியாது. நமுத்த வெடி என்றால் தண்ணீர் வாளிக்குத்தான் போக வேண்டும்.

கொளுத்தி எறிந்து வெடிக்காத வெடிக்கும் இதே விதிதான். உடனே கிட்டப் போகாதீர்கள். 30 நிமிடம் கழிந்தபின், முகத்தைத் தள்ளி வைத்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுங்கள். இரவென்றால் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விடிந்த பிறகு போங்கள். உழுகிறவனின் கலப்பைக்கு அதை விட்டுவைக்கக் கூடாது.

சட்டைப் பை, சீற்றுக்கு அடி, காவல் கொட்டில்

வீட்டுத் தரையில் கொட்டுவதாவது கண்ணுக்குத் தெரியும். காற்சட்டைப் பைக்குள் கொட்டியிருந்தால் பையை வெளியே இழுத்துத் தட்டத்தான் கை போகும். தட்டாதீர்கள். லைட்டரும் போனும் மற்றப் பையில் இருந்தால் மெதுவாக எடுத்து எட்ட வையுங்கள். உடுப்போடு கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்று, பையை நோக்கித் தண்ணீர் ஊற்றி, நன்றாக நனைந்தபின் கழற்றுங்கள். ஊற்றுகிற தண்ணீர் கிணற்றுக்குள் வழியாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வெடி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பற்றரி இருக்கிறது, சூடு இருக்கிறது, பக்கத்தில் பெற்றோல் ராங்கி இருக்கிறது. அங்கே மருந்து கொட்டியிருந்தால் ஸ்ராற் பண்ணாதீர்கள், சாவியைத் திருப்பவே வேண்டாம். உருட்டிக்கொண்டு திறந்த வெளிக்குப் போகலாமா என்றால் அதுவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, 119 க்குச் சொல்லுங்கள். வண்டியைவிடக் கால் பெரிது.

காவல் கொட்டில் கிடுகாலும் வைக்கோலாலும் ஆனது, கீழே குளிருக்கு மூட்டிய நெருப்பும் இருக்கும். பரணில் மருந்து கொட்டினால் கீழே இறங்கி, காற்று வருகிற பக்கமாக விலகி நில்லுங்கள். நெருப்பைத் தண்ணீரால் முழுவதும் அணைத்த பிறகுதான் மற்றக் கதை. வைக்கோலுக்குள் போன தூளைத் தேடி எடுக்க முடியாது. வைக்கோல் முழுவதையும் பரணிலேயே நனைத்து ஊறவிட்டு, ஈரமாகவே இறக்கி, வாளிகளில் மூழ்கும்படி போட்டு, மற்றதைப் போலவே ஒப்படைக்க வேண்டும்.

வெடியிலிருந்து வராத மருந்து

வன்னி மண்ணில் இன்னொரு வகை மருந்தும் கிடக்கிறது. காணி துப்புரவு செய்யும்போது, குளக்கட்டில் மண் வெட்டும்போது, பழைய இரும்பு பொறுக்கும்போது குச்சி போல, சிறு குழாய் போல, தட்டையான மினுங்கும் துணுக்குப் போல மருந்து கிடைக்கலாம். அது தோட்டாக்களிலும் எறிகணைகளிலும் இருந்த உந்துமருந்து. பிள்ளைகள் அதைக் கொளுத்தி விளையாடப் பார்ப்பார்கள். திறந்தவெளியில் சீறி எரிவதால் ஆபத்தில்லாத சாமான் போலத் தோன்றும். அந்த மருந்து கிடக்கிற இடத்தில் அது இருந்த வெடிபொருளும் கிடக்கலாம், அதை வெடிக்க வைக்கிற உருகி (பியூஸ்) இன்னும் உயிரோடிருக்கலாம் என்பதுதான் விஷயம்.

மேலே சொன்ன துப்புரவு முறை இதற்குப் பொருந்தாது. தண்ணீரும் ஊற்ற வேண்டாம். எடுத்து வைத்த காலடிகளிலேயே திரும்பி வாருங்கள். வரும் வழியில் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கொப்பை முறித்துப் போட்டோ துணி கட்டியோ அடையாளம் வைத்து, 119 க்கோ அந்தப் பகுதியில் வேலை செய்கிற கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ சொல்லுங்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகியவை வடக்கில் இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காணிகளில் பொருட்கள் வெளிப்படுகின்றன. மாரியில் மண் அரிக்கும்போது ஆழத்தில் இருந்தது மேலே வரும்.

பற்றிவிட்டால்

அணைக்க முயலாதீர்கள். ஓடி வெளியே வாருங்கள். கொஞ்ச மருந்து சில விநாடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். பக்கத்தில் வேறு வெடிகள் இருந்தால் கிட்டப் போகவே கூடாது. மருந்து எரிந்து முடிந்து, வேறு வெடி இல்லை என்பதும் உறுதியானால் மட்டும் பாயிலும் கூரையிலும் பற்றியதைத் தண்ணீரால் அணைக்கலாம்.

வெந்த இடத்தில் ஓடுகிற தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, நல்லெண்ணெய், சாம்பல், மஞ்சள் எதையும் பூசக் கூடாது. தோலில் ஒட்டிய உடுப்பைப் பிய்க்க வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். கண்ணுக்குள் தூள் போயிருந்தால் இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்ற வேண்டும். வெடித்த அதிர்வில் கண் கிழிந்திருந்தால் தண்ணீர் விடாமல், அமுக்காமல், ஒரு கப்பின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு மேலே மூடி கட்டிவிடுங்கள். கை சிதறியிருந்தால் சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸின்மேல் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

வைக்கும் முறை

கொட்டாமல் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. எலி நுழையாத மூடியுள்ள மரப்பெட்டி ஒன்று, உள்ளே உலர்ந்த மட்டைப் பெட்டி. வெடிகளைத் திரி எல்லாம் ஒரு பக்கமாகப் பார்க்கும்படி படுக்க வைத்து, இடையில் உருளாமல் பேப்பர் செருகுங்கள். இரும்புப் பெட்டியும் பழைய பிஸ்கற் ரின்னும் வேண்டாம். மூடியைத் திறந்து மூடும்போது உரசும், உள்ளே பற்றினால் ரின்னே சிதறு துண்டாகும். பெட்டி நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், படுக்கிற அறைக்கும் குசினிக்கும் வெளியே, உரமும் எண்ணெயும் இல்லாத இடத்தில், பூட்டி இருக்க வேண்டும். மாரி காலத்தில் கிழமைக்கு ஒருமுறை திறந்து, மட்டை நெகிழ்ந்திருக்கிறதா, அடைப்பு அசைகிறதா, பெட்டி அடியில் தூள் விழுந்திருக்கிறதா என்று பகலில் பாருங்கள். பெட்டியின் அடியில் வெள்ளைப் பேப்பர் விரித்திருந்தால் ஒரு சிட்டிகை விழுந்தாலும் தெரியும். காவலுக்குப் போகும்போது அந்த இரவுக்குத் தேவையானதை மட்டும் தோளில் போடுகிற துணிப் பையில் கொண்டுபோங்கள். அறுவடை முடிந்து மிஞ்சிய வெடிகளை அடுத்த போகத்துக்கென்று வைத்திருக்காமல், கொடுத்த அலுவலகத்துக்குச் சொல்லித் திருப்பி ஒப்படையுங்கள்.